வண்டியினுள் ஒரு பெட்டகம்

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளிலே பெட்டகம் என்னும் பெரிய மரப்பெட்டி ஒன்று இருப்பதுண்டு. காணி உறுதிகள், தாலிக்கொடி, கூறைச்சேலை முதலிய விலையுயர்ந்த பொருள்கள் யாவும் அதனுள்ளே வைக்கப்படும். அதன் பூட்டு அத்துணை வலியதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அதற்குச் சுவர் உண்டு, கதவு உண்டு, திண்ணையிலே படுத்துறங்கும் ஆள் உண்டு, கூப்பிட்டால் ஓடிவரும் அயலவர் உண்டு. பெட்டகத்தைக் காத்தவை இவையே. பூட்டு இவற்றுக்குத் துணையாய் நின்றதேயன்றி வேறில்லை.

அதே பொருள் வீட்டைவிட்டுப் புறப்பட்டு வண்டியேறித் தெருவிலே செல்லும்பொழுது இக்காவல்கள் அனைத்தும் ஒருங்கே நீங்கிவிடுகின்றன. வண்டி நின்ற இடமெல்லாம் அந்நிய இடம். அயலவர் எல்லாம் அறியாதார். காடு, மலை, பாலை என்று எவ்விடத்தும் செல்லவல்ல ஜீப், லாண்ட் றோவர் போன்ற வண்டிகளிலோ இவ்விடர் இருமடங்காகும். அவை சித்திரவேலைக்காகச் செய்யப்பட்ட வண்டிகள் அல்ல, உழைப்பதற்காகச் செய்யப்பட்டவை. பலவற்றுக்குக் கூரை வெறுஞ் சீலை. கதவோ கழற்றி வைக்கத்தக்கது. அத்தகைய வண்டியினுள்ளே பூட்டத்தக்க பெட்டகமொன்றைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் எங்ஙனம் வளர்ந்தது, அப்பெட்டகம் தன் கடமையைச் செய்வதற்கு எவை இன்றியமையாதன என்பவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது பயனுடையதாகும். ஏனெனில், இன்று ஒருவர் தமது ஜீப்பிலே பொருத்தும் இரும்புப் பெட்டிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்னோர் உளர்.

இங்கிலாந்திலே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் தபாற் பைகளைக் குதிரைமேலேறிய இளைஞரே கொண்டு சென்றனர். தனித்துச் செல்லும் இளைஞன் வழிப்பறிக்காரருக்கு எளிய இரையானான். பாத் நகரத்திலே நாடகசாலை நடத்திவந்த ஜோன் பாமர் என்பவர் இக்குறையைக் கண்டு, விரைந்து செல்லும் குதிரை வண்டிகளிலே தபாலை ஏற்றிக் காவலோடு அனுப்பலாமென்று அரசாங்கத்தாருக்கு எடுத்துரைத்தார். 1784ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2ஆம் திகதி பிறிஸ்ரல் நகரத்திலிருந்து முதலாவது தபால் வண்டி இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. அவ்வண்டிகளின் அமைப்பை நோக்குவோமாயின் ஓருண்மை புலனாகும். தபாற்பெட்டி வண்டியின் பின்புறத்திலே, வண்டியோடு ஒன்றாகச் சேர்த்தமைக்கப்பட்டிருந்தது. அதன் மூடிக்குப் பூட்டு உண்டு. அம்மூடியின் மீதே காவலன் தன் பாதங்களை ஊன்றி அமர்ந்திருந்தான். அகன்ற வாயுடைய துப்பாக்கி ஒன்று அவன் கையிலே இருந்தது. எனவே பெட்டியைத் திறக்க விரும்புகிறவன் முதலிலே அக்காவலனை எழுப்பவேண்டும். வண்டியோடு பிணைந்திருத்தல், பூட்டியிருத்தல், காவலனின் காலடியிலே இருத்தல் என்னும் மூன்றும் அங்கே ஒன்றுகூடின. பின்வந்த காலமெல்லாம் இம்மூன்றில் யாதேனுமொன்று குறைவுபட்ட இடத்திலேதான் களவு நிகழ்ந்தது.

இலங்கையிலும் இக்கதைக்கு ஓர் இடமுண்டு. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832ஆம் ஆண்டிலே தபால் வண்டிச் சேவை தொடங்கிற்று. மலையும் காடும் செறிந்த அவ்வழியிலே, மாவனல்லைக்கு அண்மையிலுள்ள உத்துவன்கந்தை என்னும் குன்றைத் தன் அரணாகக் கொண்டு சரதியேல் என்பான் வழிச்செல்வோரை அச்சுறுத்திவந்தான். அவனைப் பிடிக்கச் சென்ற பொலிசாருள் சபான் என்பவர் 1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் திகதி சுடப்பட்டு உயிர்துறந்தார். கடமையிலே உயிரீந்த முதலாவது பொலிஸ்காரர் அவரே என்று இந்நாட்டுப் பொலிசுத் திணைக்களம் அந்நாளை நினைவுகூருகின்றது. சரதியேல் அவ்வாண்டு மே மாதம் 7ஆம் திகதி கண்டியிலே தூக்கிலிடப்பட்டான். மூன்றாண்டுகள் கழித்து, 1867இல், கண்டிக்குப் புகைவண்டி சென்றது. தபால் வண்டியின் காலம் அவ்வழியிலே முடிவுற்றது. ஆயினும் புகைவண்டி வந்தமையால் மாத்திரம் பொருளுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதா? அதற்கு விடை இங்கிலாந்திலே ஏலவே கிடைத்திருந்தது.

அவ்விடையைக் கூறுமுன்னர்ப் பூட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இலண்டனிலே ஜோசப் பிறாமா என்பவர் 1784இல் ஒரு புதுப் பூட்டுக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அதனைத் தம் கடையின் கண்ணாடிச் சாளரத்திலே வைத்து, திறப்பின்றித் திறப்பார்க்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். ஆண்டு பல சென்றும் எவரும் அப்பரிசைப் பெற்றிலர். 1818இல் ஜெரமையா சப் என்பவர் மற்றொரு பூட்டை ஆக்கினார். எவனேனும் கள்ளத்திறப்பை நுழைத்தால் அப்பூட்டு உள்ளே சிக்கிக்கொள்ளும்; உரியவர் தம் திறப்பை இட்டவுடன் எவனோ கைவைத்திருக்கிறான் என்பதை அறிந்துகொள்வார். இவ்விரு பூட்டுகளையும் திறக்க எவராலும் இயலாதென்று ஆங்கிலேயர் இறுமாந்திருந்த காலத்திலே, 1851ஆம் ஆண்டின் மாபெருங் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஹொப்ஸ் என்னும் பூட்டுவினைஞர் வந்தார். சப்பின் பூட்டை அவர் அரைமணி நேரத்துக்குள் திறந்துவிட்டார். பிறாமாவின் பூட்டைத் திறப்பதற்கு அவருக்கு 16 நாள்களிலே ஏறத்தாழ 51 மணி நேரம் சென்றது. பலர் இதனை ஆங்கிலப் பூட்டுகளின் தோல்வி என்றே எண்ணினர். சற்று ஆழ்ந்து நோக்கின் வேறொரு பொருள் தோன்றும். திறக்க முடியாத பூட்டு என்று ஒன்று உலகில் இல்லை. ஒரு பூட்டின் வலிமையாவது, அது கள்வனிடமிருந்து எத்தனை நாழிகையைப் பறித்துக்கொள்ளும் என்பதேயாம். தெருவோரத்திலே நிற்கும் வண்டியில் 51 மணி நேரம் குனிந்திருக்கக்கூடிய கள்வன் எங்குளன்?

ஆனால் திறப்பே கள்வனின் கையிலே போய்ச் சேர்ந்துவிட்டால் பூட்டு யாது செய்யும்? 1855ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி இரவு இலண்டனிலிருந்து போக்ஸ்ரன் துறைமுகத்துக்குச் சென்ற புகைவண்டியிலே, பாரிசு நகரத்துக்கு அனுப்பப்பட்ட பொன் இருந்தது. அஃது இரும்புப் பெட்டகத்துள் வைக்கப்பட்டிருந்தது. பெட்டகத்துக்கு இரண்டு பூட்டுகள். இரண்டும் சப் நிறுவனத்தார் செய்தவை. அவ்விரு திறப்புகளும் நம்பிக்கைக்குரியோர் கையிலன்றி வேறெங்கும் இருத்தலாகாது என்பது விதி. எனினும் வில்லியம் பியேர்ஸ், எட்வர்ட் ஏகர் என்னும் இருவர், புகைவண்டிக் காவலனான பேர்ஜெஸ் என்பவனையும், அலுவலக எழுதுவினைஞனான ரெஸ்ரர் என்பவனையும் தம்வயப்படுத்திக்கொண்டனர். திறப்புகளின் வடிவம் மெழுகிலே பதிக்கப்பட்டது. அவ்வச்சிலிருந்து கள்ளத்திறப்புகள் அராவப்பட்டன. ஓடும் வண்டியிலே பெட்டகம் சத்தமின்றித் திறந்தது. ஏறத்தாழ 12,000 பவுண் பெறுமதியான பொன் வெளியேற, அதற்கு ஈடான பாரத்துக்கு ஈயக் குண்டுகள் உள்ளே புகுந்தன. பெட்டகத்திலே ஒரு கீறலும் இல்லை. பிரான்சிலே பெட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது பாரம் ஒவ்வாமை கண்டனர். பாரிசிலே திறந்தபோது ஈயத்தைக் கண்டனர். குற்றவாளிகள் அகப்படுவதற்கு ஓராண்டுக்கு மேல் சென்றது. அதுவும் கள்வர் தமக்குள்ளே ஒருவரையொருவர் வஞ்சித்தமையாலேயே நிகழ்ந்தது. ஏகர் வேறொரு குற்றத்துக்காகச் சிறையிலிருந்தபோது, அவனைச் சார்ந்த பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தைப் பியேர்ஸ் தானே வைத்துக்கொண்டான். அப்பெண் உண்மையை வெளியிட்டாள். வழக்கு 1857 ஜனவரியிலே முடிந்தது.

பூட்டு பழுதுறவில்லை, திறப்பைக் காத்தவர்களே பழுதுற்றனர். இது முதற் பாடம். இரண்டாம் பாடத்தைக் கற்பித்தது அமெரிக்க நாட்டின் மேற்கு மாநிலமான கலிபோர்னியா.

1848இலே கலிபோர்னியாவில் பொன் கண்டுபிடிக்கப்பட்டதும் உலகத்தின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கு குவிந்தனர். சுரங்கத்திலே விளைந்த பொன்னைப் பட்டினத்துக்கும், பட்டினத்திலே மாற்றிய நாணயத்தைச் சுரங்கத்துக்கும் கொண்டுசெல்லும் தொழிலை 1852இல் நிறுவப்பட்ட வெல்ஸ் பார்கோ நிறுவனத்தார் மேற்கொண்டனர். அவர்தம் செல்வப்பெட்டி புகழ்பெற்றது. பைன் மரப்பலகையாற் செய்து, இரும்புப் பட்டைகளால் இறுக்கப்பட்ட அப்பெட்டி வெறுமையாயிருக்கும்போது ஏறத்தாழ 24 இறாத்தல் நிறையுடையது. குதிரை வண்டியிலே சாரதியின் ஆசனத்தின்கீழ் அது தள்ளி வைக்கப்பட்டிருக்கும். ஒருவன் தனித்துத் தூக்கி ஏற்றவும் இறக்கவும் அது மிக வசதியானது. அந்த வசதியே அதன் குறையுமாயிற்று. எழுதுவினைஞனுக்கு இலேசாகத் தூக்க வருவது கள்வனுக்கும் இலேசாகத் தூக்க வருமன்றோ? துப்பாக்கி நீட்டியவன் பெட்டியைக் கீழே போடச் சொல்லுவான். சாரதி உயிருக்கஞ்சிப் போட்டுவிடுவான். வண்டி தன் வழியே செல்லும். கள்வன் புதரோரத்திலே ஆறியிருந்து பெட்டியைக் கோடரியாற் பிளப்பான். அந்நிறுவனத்தின் துப்பறிவாளரே பின்னர் வெளியிட்ட கணக்கின்படி, 1870 முதல் 1884 வரையான 14 ஆண்டுகளிலே இத்தகைய வண்டிக் கொள்ளைகள் 313 நிகழ்ந்தன.

இக்கொள்ளையருள்ளே பிளாக் பார்ட் என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்ட ஒருவன் இருந்தான். சாள்ஸ் போல்ஸ் என்பது அவன் இயற்பெயர். குதிரையேறாமல் கால்நடையாகவே வந்து போவான், ஒருவரையும் சுட்டானில்லை, மரியாதையாகவே பேசுவான். 1875 ஜூலை மாதத்திலே தொடங்கிய அவன் தொழில் எட்டாண்டுகள் தடையின்றி நடைபெற்றது. 1883ஆம் ஆண்டு நொவம்பர் 3ஆம் திகதி, தான் முதன்முதற் கொள்ளையிட்ட அதே பங் குன்றின் ஏற்றத்திலே, சொனோராவிலிருந்து மில்ற்றனுக்குச் செல்லும் வண்டியை அவன் மறித்தான். பயணிகள் எவருமில்லை. சாரதி மக்கொனல் என்பவர் பெட்டியைக் கீழே போடவில்லை. போடவும் அவரால் இயலாது. ஏனெனில் இம்முறை இரும்புப் பெட்டி வண்டியின் உள்ளே, தளத்தோடு மரையாணிகளால் முடுக்கப்பட்டிருந்தது.

இச்சிறு மாற்றத்தினால் விளைந்தவை பெரிது. வண்டியையும் பெட்டியையும் பிரிக்க இயலாத கள்வன், குதிரைகளை அவிழ்த்து அப்பால் ஓட்டிச்செல்லுமாறு சாரதிக்குக் கட்டளையிட்டான். பின்னர் வண்டிக்குள்ளே புகுந்து பெட்டியோடு போராடத் தொடங்கினான். ஐந்து நிமிடத்திலே முடியவேண்டிய வேலை நீண்டுகொண்டே சென்றது. இதற்கிடையில், வேட்டையாடுவதற்காக வழியிலே வண்டியைவிட்டு இறங்கிச் சென்றிருந்த ரொலேரி என்னும் இளைஞனைச் சாரதி கண்டார். அவன் கையிலே துப்பாக்கி இருந்தது. இருவரும் திரும்பி வந்தபோது கள்வன் அப்பொழுதுதான் பொருளோடு வண்டியிலிருந்து வெளிப்பட்டான். துப்பாக்கி வெடித்தது, அவன் கையிலே காயம்பட்டது. பொன்னோடு அவன் ஓடி மறைந்தானாயினும், ஓடிய அவசரத்திலே சில பொருள்களைக் கைவிட்டுச் சென்றான். அவற்றுள்ளே ஒரு கைக்குட்டை. அதன் மூலையிலே சலவைக்காரர் இட்ட குறி. சன் பிரான்சிஸ்கோ நகரத்திலே ஏறத்தாழ 90 சலவைச் சாலைகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. இறுதியில் அக்குறிக்குரியவர், சுரங்கத் தொழிலிலே ஈடுபட்ட கனவானென்று நகரத்தார் மதித்திருந்த ஒருவர் என்பது வெளிப்பட்டது. அவரே பிளாக் பார்ட். ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, நன்னடத்தையால் 1888 ஜனவரியிலே விடுதலையானார்.

முடுக்கப்பட்ட பெட்டி களவைத் தடுத்ததா? இல்லை. பெட்டி உடைக்கப்பட்டது, பொன்னும் எடுக்கப்பட்டது. அது செய்தது ஒன்றே: கள்வனை அவ்விடத்திலே நிறுத்திவைத்தது. அந்நேரத்துக்குள்ளே உலகம் திரும்பி வந்துவிட்டது. இருபத்தேழு முறை கைக்குட்டையை விட்டுச்செல்லாதவன் இருபத்தெட்டாம் முறை விட்டுச்சென்றமைக்கு, வண்டித்தளத்திலே இறுக்கப்பட்ட சில மரையாணிகளே காரணம். வண்டியினுள் பெட்டகம் வைக்க எண்ணும் எவரும் மறக்கலாகாத நிகழ்ச்சி இது.

குதிரை வண்டியின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்துக்கொண்டது. தொடக்க கால மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் மேலே திறந்தவை. ஆங்கில நாட்டுப் பந்தய வீராங்கனையான டொறதி லெவிற் என்பார் 1909இலே பெண்களுக்கென எழுதிய மோட்டார் நூலில், ஆசனத்தின்கீழ் அமைந்த சிறு லாச்சியைப் பற்றிச் சிறப்பித்துக் கூறியுள்ளார். கையுறை, கைக்குட்டை, சிறு கண்ணாடி ஆகியவற்றை அதிலே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் அறிவுரை. பிற்காலத்திலே அந்த லாச்சி ஆசனத்தின்கீழிருந்து வண்டியின் முன்பலகைக்கு ஏறியது. கையுறைப் பெட்டி என்னும் பெயர் மாத்திரம் அதனோடு நிலைத்துவிட்டது. அமெரிக்கராகிய லைனஸ் யேல் 1861இலும் 1865இலும் உரிமைப்பத்திரம் பெற்ற சிறு ஊசிப்பூட்டு, தட்டையான சிறு திறப்புடையதாதலின், இத்தகைய சிறு கதவுகளுக்கும் பூட்டு வைப்பது எளிதாயிற்று. ஆயின் கையுறைப் பெட்டியின் கதவு மெல்லிய தகடு. அதன் கொளுக்கியோ அதனினும் மெலிது. ஒரு திருகாணிமுடுக்கியை விளிம்பிலே செருகி நெம்பினால் அது வாயைத் திறந்துவிடும். பூட்டு வலிது, கதவு மெலிது என்னும் நிலை பூட்டே இல்லாமையிலும் தீது. ஏனெனில் உரியவர் அதனை நம்பி ஏமாறுவார்.

இந்நிலையிலே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1941ஆம் ஆண்டு தொடக்கம் வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து போர்க்களங்களுக்கு அனுப்பின. ஜீப்புக்குக் கதவில்லை, கூரை சீலை, பின்சில்லுகளின் மேலே கருவிகள் வைக்கும் இரு சிற்றறைகள் மாத்திரம் உண்டு. முதலில் வந்த வண்டிகளுக்குத் திறப்பு இருந்ததாயினும், அஃது எல்லா வண்டிகளுக்கும் பொதுவான ஒரேவகைத் திறப்பே. பின்னர் வந்தவற்றிலே திறப்பே இல்லாத சுழல்விசை பொருத்தப்பட்டது. குண்டு விழும் வேளையிலே எந்தப் போர்வீரனும் எந்த வண்டியிலும் பாய்ந்தேறி ஓட்டிச் செல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். நோக்கம் நிறைவேறிற்று, மிகையாகவே நிறைவேறிற்று. ஒரு படையினரின் ஜீப்பை மற்றப் படையினர் ஓட்டிச் செல்வது நாளாந்த நிகழ்ச்சியாயிற்று. எனவே சாரதிகள் சுக்கானைச் சங்கிலியாற் சுற்றி ஆமைப்பூட்டுப் போட்டு வைத்தனர். வண்டியைக் காப்பதே இத்துணை அரிதாயின், வண்டியினுள் இருந்த பொருளின் நிலை சொல்லவேண்டுவதில்லை.

போர் முடிந்த 1945இலே வில்லிஸ் நிறுவனத்தார் பொதுமக்களுக்கென ஜீப் செய்யத் தொடங்கினர். மூன்றாண்டுகளின் பின், 1948 ஏப்ரில் 30ஆம் திகதி, அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே லாண்ட் றோவர் முதன்முதலாக வைக்கப்பட்டது. போருக்குப் பிந்திய இங்கிலாந்திலே உருக்குக்குப் பங்கீடு இருந்தமையால், அதன் உடற்றகடுகள் அலுமினியக் கலவையினால் ஆக்கப்பட்டன. முதலில் வந்த வண்டிகளின் கதவைத் திறப்பதற்கு, சீலைத் திரையின் ஊடாகக் கையை உள்ளே விட்டுப் பிடியை இழுக்கவேண்டும். இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே செங்குத்தான மண்பாதைகளில் ஏறியிறங்கிய லாண்ட் றோவரை அறியாதார் அப்பகுதியிலே இலர். விவசாயி, நிலவளவையாளர், வைத்தியர், தோட்டத்துரை எனப் பலதரத்தாரும் உலகெங்கும் இவ்வகை வண்டிகளை நம்பினர். வண்டியின் வேலை மாறியதும் அதிலே செல்லும் பொருளும் மாறியது. நிலவளவையாளரின் கருவி, வைத்தியரின் மருந்து, தொழிலாளரின் சம்பளப் பணம், தூரப் பயணியின் கடவுச்சீட்டு ஆகியவை அந்தச் சீலைக் கூரையின்கீழ் ஏறின. அவற்றிலே பெரும்பாலானவை சாரதிக்கு உரியவையுமல்ல. பிறர் நம்பி ஒப்படைத்தவை. அப்பொருள் தொலைந்தால் தொலைவது ஒருவர் செல்வம் மாத்திரமன்று. பல குடும்பங்களின் ஒருமாதச் சோறும், ஓர் உத்தியோகத்தரின் நற்பெயரும் அதனுடனே தொலையும்.

இத்தேவையினாலே வண்டியினுள் பெட்டகம் பொருத்தும் தொழில் மெல்ல வளர்ந்தது. முதலில் ஊர்க்கொல்லரும் வாகனம் திருத்துவோரும் தனித்தனியே செய்து கொடுத்தனர். பின்னர் ஒவ்வொரு வகை வண்டிக்கும் பொருந்துமாறு தொழிற்சாலைகளே செய்து விற்கலாயின. இன்று மூன்று இடங்களிலே இவை பெரிதும் பொருத்தப்படுகின்றன. முன்னாசனங்கள் இரண்டுக்கும் இடையே கைதாங்கியாகவும் பயன்படும் பெட்டி ஒன்று. ஆசனத்தின்கீழ் மறைந்திருக்கும் தட்டைப் பெட்டி இன்னொன்று. பின்தளத்தின் அகலம் முழுவதையும் அடைத்து இழுக்கத்தக்க லாச்சியாக அமைவது மற்றொன்று. இவற்றுள்ளே ஆசனத்தின்கீழ் அமைவதே பழைய தபால் வண்டிக் காவலனின் காலடிப்பெட்டிக்கு நேர் வழித்தோன்றல் எனலாம். கள்வனின் கண்ணுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் நிமிர்ந்து நின்று நெம்புவதற்கு இடமில்லை.

பெட்டியைப் பொருத்தும் முறையிலே கலிபோர்னியாவின் பாடம் அப்படியே செல்லும். மரையாணியின் தலை பெட்டிக்கு வெளியே இருக்குமாயின், கள்வன் பூட்டைத் தொடவே தேவையில்லை. தலையைக் கழற்றிப் பெட்டியோடு சென்றுவிடுவான். ஆதலால் ஆணியை முடுக்குவதும் கழற்றுவதும் பெட்டியின் உள்ளேயிருந்து மாத்திரம் செய்யத்தக்கனவாயிருத்தல் வேண்டும். தளம் மெல்லிய தகடாயின், குறிப்பாக லாண்ட் றோவரின் அலுமினியத் தகடாயின், ஆணி எத்துணை தடித்ததாயினும் நெம்பும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்காகத் தளத்தின் அடிப்புறத்திலே அகன்ற இரும்புத் தகடொன்றை வைத்து, அதனூடாக ஆணியை முடுக்குவர். இரும்பும் அலுமினியமும் ஈரத்தோடு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும்; எனவே இடையிலே இறப்பர் அல்லது மை பூசிய தோல்போன்ற தடுப்பொன்று இடுதல் நலம். மூடியின் விளிம்பு பெட்டியின் வாய்க்குள்ளே இறங்கி அமர்தல் வேண்டும். நெம்புகோலின் நுனி புகுவதற்கு இடைவெளி இருத்தலாகாது.

ஆபத்தொன்றையும் இவ்விடத்திலே சொல்லாதொழிதல் முறையன்று. பழைய லாண்ட் றோவர்களிலே வலப்புற ஆசனத்தின்கீழ் இருப்பது பெற்றோல் தாங்கி. அதனை அறியாது துளையிடத் தொடங்குகிறவன் களவினும் பெரிய கேட்டைத் தானே தேடிக்கொள்வான். வேறு சில வண்டிகளிலே ஆசனத்தின்கீழ் மின்கலம் இருக்கும். ஆகவே எவ்விடத்திலே துளையிடுவதாயினும் முதலிலே அடிப்புறத்தைக் குனிந்து பார்த்தல் வேண்டும். ஆசனத்தை வண்டியோடு பிணைக்கும் ஆணித்துளைகளையே பெட்டிக்கும் பயன்படுத்திக்கொள்வது பல வண்டிகளிலே எளிதும் உறுதியுமாகும். தளத்திலே மிகவும் பலம் வாய்ந்த இடங்கள் அவையே. ஆனால் ஆசனமும் இருக்கைப்பட்டியும் தம் பிடிப்பிலே தளர்ந்துவிடாதவாறு காத்துக்கொள்ளவேண்டும். பொருளைக் காக்கச் சென்று உயிரைக் காக்கும் கருவியைத் தளர்த்துவது அறிவுடைமையாகாது.

நன்கு பொருத்திய பெட்டகம் ஒரு வியப்பான விளைவையும் தருகின்றது. சீலைக் கூரையுடைய வண்டியின் கதவைப் பூட்டி வைத்தால், கள்வன் கத்தியாற் சீலையைக் கிழிப்பான். களவு போகும் பொருளினும் கிழிந்த கூரையின் விலை மிகுதியாகும். எனவே அத்தகைய வண்டியின் உரிமையாளர் பலர் கதவைப் பூட்டாமலே விட்டு, உள்ளிருக்கும் பெட்டகத்தை மாத்திரம் பூட்டிவிட்டுச் செல்கின்றனர். எல்லாவற்றையும் காக்க முயல்வதை விடுத்து, காக்கவேண்டிய ஒன்றை நன்றாகக் காத்தல் என்னும் இம்முறை அனுபவத்தினால் வந்தது.

1955ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1ஆம் திகதி ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லாண்ட் றோவர்களிலே இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச் 6ஆம் திகதி சிங்கப்பூரை அடைந்தனர். அத்தகைய நெடும் பயணத்திலே பணத்தினும் அரியது கடதாசி. கடவுச்சீட்டு, வண்டியை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டினுள்ளே கொண்டுசெல்ல உதவும் சுங்கப் புத்தகம், ஓட்டுநர் பத்திரம் ஆகியவை தொலையுமாயின் எல்லையிலே வண்டி நின்றுவிடும். கள்வனுக்கு அவற்றால் ஒரு காசும் பயனில்லாதிருக்கலாம். பயணிக்கோ அவையே பயணம். பெட்டகத்தினுள் எதை வைப்பது என்னும் வினாவுக்கு விலையை மாத்திரம் நோக்கி விடையளித்தல் கூடாது என்பதற்கு இதுவே சான்று. மீண்டும் பெற இயலாதது எதுவோ, தொலைந்தால் வழியிலே நிற்கவைப்பது எதுவோ, பிறருக்கு உரியது எதுவோ, அதற்கே பெட்டகத்தில் முதலிடம்.

இவ்வளவும் செய்தபின்னரும் 1855ஆம் ஆண்டின் பாடம் எஞ்சி நிற்கின்றது. இரும்பைத் தடிக்கச் செய்யலாம், மரையாணியை மறைத்து வைக்கலாம், பூட்டைப் புதுக்கலாம். திறப்பு ஒருவர் கையிலேதான் இருந்தாகவேண்டும். அத்திறப்பை வண்டித்திறப்போடு ஒரே வளையத்திலே கோத்து, வாகனம் கழுவும் பையனிடத்தும் வாடிவீட்டு வாயிலோனிடத்தும் கொடுத்துவிட்டுச் செல்கிறவர், இரும்புப் பெட்டியைப் பொருத்தியமையால் அடைந்த பயன் யாது? பெட்டகத்தின் திறப்பு தனியே இருத்தல் வேண்டும். அஃது எத்தனை, எவரிடத்தே என்பதை உரியவர் எந்நேரமும் அறிந்திருத்தல் வேண்டும். பழைய வீட்டுப் பெட்டகத்தின் திறப்பை ஆச்சிமார் தங்கள் இடுப்பிலே செருகி வைத்திருந்தனர். உறங்கும்போதும் அது அவ்விடத்தை விட்டு நீங்கியதில்லை. தபால் வண்டிக் காவலன் தன் பாதத்தின்கீழ்ப் பெட்டியை வைத்திருந்ததும் அக்கருத்தினாலேயே. வண்டி எத்தனை காடு கடந்தாலும், எத்தனை மலை ஏறினாலும், பெட்டகம் வண்டியை விட்டுப் பிரியாமலும், திறப்பு உரியவரை விட்டுப் பிரியாமலும் இருக்குமாயின், ஒப்படைத்த பொருள் ஒப்படைத்தவாறே சென்று சேரும்.